திரையிலிருந்து பந்தி வரை: தொழில்முறை மாநாட்டுக்குத் தனியாகச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

தொழில்முறை மாநாடு ஒன்றுக்குத் துணையின்றிச் செல்பவருக்கு அமர்வுகள் நடக்கும்போது சிரமம் எதுவும் தெரிவதில்லை. விளக்கு மங்கிய அரங்கில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். யார் யாருடன் வந்தார் என்பது அங்கே எவருக்கும் பொருட்டில்லை. அமர்வு முடிந்து கதவு திறந்து, கூட்டம் இரண்டிரண்டு பேராகவும் நான்கு நான்கு பேராகவும் பிரிந்து உணவுக்கூடத்தை நோக்கி நகரும்போதுதான், கையில் தட்டுடன் எங்கே போய் உட்காருவது என்ற கேள்வி எழுகிறது. பலர் அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபடி சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படித்தான் செய்தேன். அதே கைப்பேசியை மூன்று வாரங்களுக்கு முன்பே முறையாகப் பயன்படுத்தியிருந்தால் அந்தச் சுவரோரம் எனக்குத் தேவைப்பட்டிருக்காது என்பதைத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். மாநாட்டுக் காலத்தில் சமூக ஊடகத்தின் முதல் வேலை உணவு மேசைக்கு ஆள் சேர்ப்பது என்று எடுத்துக்கொண்டு, அதற்கான படிகளைக் கால வரிசையில் கீழே தருகிறேன்.

தனியாகச் செல்வதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்கிராம், மைக்கேல் மாரிஸ் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்துறையினர் கலந்துகொண்ட ஒரு மாலைச் சந்திப்பில் பங்கேற்றவர்களுக்கு மின்னணுப் பெயரட்டைகளை அணிவித்து, யார் யாருடன் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பதிவு செய்தார்கள். புதியவர்களைச் சந்திப்பதே தங்கள் நோக்கம் என்று முன்கூட்டியே கூறியிருந்தவர்கள், அங்கே போனபின் ஏற்கெனவே அறிந்தவர்களுடனேயே கூடுதலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உடன் வந்த நண்பர் இருந்தால் நம் கால் தானாகவே அவர் பக்கம் போகும். தனியாக வந்தவருக்கு அந்த இழுப்பு இல்லை. ஆனால் அந்த இடத்தை நிரப்ப அவர் முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி: எந்த ஊடகத்தில் கூடுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

ஹேஷ்டேக் என்பதே இத்தகைய கூடுகைகளை மனத்தில் வைத்துப் பிறந்தது. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர், அப்போது ட்விட்டர் என்று அழைக்கப்பட்ட தளத்தில், குழுக்களைக் குறிக்க # என்ற குறியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டபோது அவர் எடுத்துக்காட்டாகக் கொடுத்தது பார்கேம்ப் என்ற தொழில்நுட்பக் கூடுகையின் பெயரைத்தான். அதன்பின் பல ஆண்டுகளுக்கு, மாநாட்டுக்கு வருபவர்களைத் தேட அந்த ஒரே தளத்தில் ஒரே குறியைத் தேடினால் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. 2023 ஜூலையில் அது எக்ஸ் என்று பெயர் மாறிய காலத்தை ஒட்டி, பல துறைகளின் உரையாடல் லிங்க்ட்இன், மாஸ்டடான், புளூஸ்கை என்று பல இடங்களுக்குச் சிதறிவிட்டது. ஆகவே இன்று தேட வேண்டியது இந்த ஆண்டின் ஹேஷ்டேக்கை மட்டுமன்று. சென்ற ஆண்டின் ஹேஷ்டேக்கை ஒவ்வொரு தளத்திலும் இட்டுப் பாருங்கள். எங்கே மாநாட்டு நாட்களில் பதிவுகள் குவிந்திருக்கின்றனவோ, எங்கே ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறாரோ, அங்கேதான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். அமைப்பாளர்களின் அறிவிப்புகள் மட்டுமே வரிசையாக நிற்கும் தளத்தில் நீங்கள் எழுதுவது யார் கண்ணிலும் படாது.

அதிகாரபூர்வ ஹேஷ்டேக்கை மாநாட்டு இணையதளத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டைக் குறிக்கும் இலக்கங்கள் இரண்டா நான்கா என்பதில்கூட மாறுபாடு இருக்கும். ஓர் இலக்கம் தவறினால் உங்கள் பதிவு வேறொரு கூட்டத்தில் போய்ச் சேரும். மாநாட்டுக்கென்று தனிச் செயலியோ, ஸ்லாக், டிஸ்கார்டு, வாட்ஸ்அப் குழுவோ இருந்தால் அதில் கட்டாயம் சேருங்கள். பொதுத் தளத்தில் வாய் திறக்காத பலர் அத்தகைய மூடிய குழுவில் தயக்கமின்றிப் பேசுவார்கள். உணவுக்குச் சேரும் திட்டங்களும் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன.

இரண்டாம் படி: உங்கள் முகப்புப் பக்கத்தைச் சீர்செய்யுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். படத்தில் இருக்கும் முகம் இன்றைய முகமாக இருக்க வேண்டும். உணவகத்தின் வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒருவர் அந்தப் படத்தை வைத்துத்தான் உங்களை அடையாளம் காண்பார். தன்விவரத்தில் பதவிப் பெயரோடு நிறுத்திவிடாமல், எந்தச் சிக்கலில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். பதவியைப் பார்த்து யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை, சிக்கலைப் பார்த்துத் தொடங்குவார்கள்.

மூன்றாம் படி: முதல் பதிவும் தனிச்செய்திகளும்

"இந்த மாநாட்டில் கலந்துகொள்வதில் மகிழ்ச்சி" என்று எழுதினால் பத்துப் பேர் விருப்பக்குறி இடுவார்கள், ஒருவரும் உங்களுடன் சாப்பிட வரமாட்டார்கள். பதிவில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: நீங்கள் தனியாக வருகிறீர்கள் என்பது, எந்தப் பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறீர்கள் என்பது, எந்த வேளையில் சந்திக்க முடியும் என்பது. "முதன்முறையாக, தனியாக வருகிறேன். சிறிய அணிகளில் தரச்சோதனையை எப்படி நடத்துவது என்பது பற்றிப் பேச ஆவல். முதல் நாள் மாலை உணவுக்கு நான்கு பேர் சேரலாம் என்று எண்ணுகிறேன், விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள்" என்ற அளவில் இருந்தால் போதும். தனியாக வருவதை வெளிப்படையாகச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் "நானும் தனியாகத்தான் வருகிறேன்" என்ற பதில்கள் வருகின்றன; என் அனுபவத்தில், மாநாடு முடிந்த பின்னும் தொடர்ந்த நட்புகளில் பாதிக்கு மேல் அப்படி வந்த பதில்களிலிருந்தே தொடங்கின. தங்கும் விடுதியின் பெயரையும் அறை விவரத்தையும் மட்டும் எந்தப் பொதுப் பதிவிலும் எழுதாதீர்கள்.

பதிவு இட்டுவிட்டுக் காத்திருப்பதோடு நிறுத்தாமல் ஐந்தாறு பேருக்குத் தனியே எழுதுங்கள். தொடக்கவுரை ஆற்றும் புகழ்பெற்றவருக்கு எழுத வேண்டாம். அவருடைய மாலைகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். நிகழ்ச்சி நிரலில் தம் வேலையைச் சுவரொட்டியாக வைத்து விளக்கவிருப்பவர்களையும், சிறிய அறையில் முதன்முறையாகப் பேசவிருப்பவர்களையும், ஹேஷ்டேக்கில் "யாராவது வருகிறீர்களா" என்று கேட்டிருப்பவர்களையும் தேடிப் பிடியுங்கள். தம் வேலையை ஒருவர் முன்கூட்டியே படித்திருக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய ஊக்கம். செய்தி நான்கு வரிகளைத் தாண்ட வேண்டாம்: "வணக்கம். உங்கள் சுருக்கவுரையைப் படித்தேன். தரவு சேகரிப்பில் நீங்கள் எடுத்த முடிவு பற்றி ஓர் ஐயம் உண்டு. இரண்டாம் நாள் உங்கள் அமர்வுக்கு வருகிறேன். அதன்பின் மதிய உணவுக்கு நேரம் இருந்தால் சேர்ந்து உண்ணலாமா? இயலாவிட்டாலும் பரவாயில்லை." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுப்பதற்கு எளிதான அழைப்பை ஏற்பதும் எளிது. பதில் வராவிட்டால் மீண்டும் எழுத வேண்டாம்; நேரில் பார்க்கும்போது ஒரு வணக்கம் சொன்னால் போதும்.

நான்காம் படி: ஒரு மேசையை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்

யாராவது அழைப்பார்கள் என்று காத்திருப்பதைவிட, அழைப்பவராக நீங்களே இருப்பது பலமடங்கு எளிது என்பதைப் புதியவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். உணவகத்தில் இடம் பிடித்து வைத்திருப்பவர் என்ற ஒரே காரணத்தால் நீங்கள் அந்தக் குழுவின் நடுவில் இருப்பீர்கள். யாருக்கும் தெரியாதவர் என்ற நிலை அத்தோடு முடிந்துவிடும்.

நான்கு பேருக்கான மேசையே பொருத்தமானது. இயல்பாகச் சேரும் பேச்சுக் குழுக்களைப் பற்றி ராபின் டன்பரும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உரையாடலில் சுமார் நான்கு பேர்வரைதான் நிலைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் போனால் உரையாடல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்று காட்டினார்கள். எட்டுப் பேர் அமர்ந்த நீள மேசையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, நடுவில் நடக்கும் பேச்சைக் கேட்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் இருந்தவர்களுக்கு இதன் உண்மை தெரியும். ஆறு பேர் ஆர்வம் தெரிவித்தால் மூவர் மூவராக இரண்டு மேசைகள் கேளுங்கள். உணவுக்குப் பின் எல்லோரும் ஒன்றாக நடந்து திரும்பலாம்.

நாளைப் பொறுத்தவரை முதல் நாள் மாலையே சிறந்தது. அன்று மூன்று முகங்கள் அறிமுகமாகிவிட்டால், அடுத்த நாள்களில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர்களில் ஒருவராவது கண்ணில் படுவார், அவர் மூலம் வேறு இருவர் அறிமுகமாவார்கள். கடைசி மாலை வரை தள்ளிப்போட்டால், பலர் பெட்டியோடு கிளம்பியிருப்பார்கள். வந்தவர்களுடனும் தொடர இன்னொரு நாள் இருக்காது. ஆனால் அமைப்பாளர்களே முதல் மாலையில் வரவேற்பு நிகழ்ச்சி வைத்திருந்தால் அதோடு போட்டியிட வேண்டாம். அது முடியும் நேரத்தை உங்கள் மேசையின் தொடக்க நேரமாக வையுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் நான்கு செய்திகளைப் பார்ப்பேன். அரங்கிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். சைவ உணவு உண்பவருக்கும், சில பொருள்கள் ஒவ்வாதவருக்கும் உண்ணத்தக்கது ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரசீது தருவார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். பலரும் செலவுக் கணக்கைத் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியவர்கள், சிலர் சொந்தச் செலவில் வந்தவர்கள். இந்தக் கடைசிச் செய்தியை அழைப்பிலேயே "அவரவர் செலவு அவரவருடையது, தனி ரசீது உண்டு" என்று எழுதிவிட்டால், கையில் குறைவாகப் பணம் வைத்திருக்கும் மாணவர்கூடத் தயங்காமல் வருவார். விலைப்பட்டியலின் இணைப்பையும் அழைப்போடு அனுப்புவது அந்த மாணவருக்குச் செய்யும் பெரிய உதவி.

பின்னர் ஹேஷ்டேக்கோடு எழுதுங்கள்: "முதல் நாள் மாலை ஏழரை மணிக்கு நான்கு பேருக்கு மேசை சொல்லியிருக்கிறேன், இரண்டு இடங்கள் உள்ளன. ஏழேகாலுக்குப் பெயர்ப்பதிவு மேசையருகே சந்திப்போம்." உணவகத்தின் பெயரைப் பொதுவில் வெளியிடாமல், வருவதாகச் சொன்னவருக்கு மட்டும் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உணவகத்தை அழைத்து மேசையை ஒருவருக்கென்று மாற்றிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்; எப்படியும் அன்று மாலை நீங்கள் உண்ணத்தானே வேண்டும்.

உணவுத் தேவைகளை முன்பே தெரிவியுங்கள்

மாநாட்டுக்குப் பெயர் பதியும் படிவத்தில் உணவுத் தேவை பற்றிய கட்டம் இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். ஒவ்வாமை இருந்தால் பொருளின் பெயரையும் அதன் கடுமையையும் தெளிவாக எழுதுங்கள். "சிறிது ஒவ்வாது" என்பதும் "தொட்டாலே மூச்சுத் திணறும்" என்பதும் சமையலறைக்கு வேறு வேறு செய்திகள். மாநாடு நடக்கும் ஊரின் மொழி உங்களுக்குத் தெரியாதது என்றால், அதை அந்த மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வருபவர் தமக்கு உடல்நலம் கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்தவர் அருகில் இல்லாதவர் என்பதால் இந்த அட்டையில் மருந்தின் பெயரும் இருப்பது நல்லது. மதிய உணவைப் பெட்டியில் எடுத்துப்போய்ப் பிறகு உண்ணும் பழக்கம் உள்ளவர்கள், சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற பொதுவான உணவுப் பாதுகாப்பு விதியை மறக்க வேண்டாம்.

முதல் காலை

பெயர்ப்பதிவு மேசை திறந்த அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடுங்கள். அப்போது வருபவர்களில் தனியாக வந்தவர்கள் அதிகம். குழுவாக வருபவர்கள் காலை உணவை முடித்துவிட்டு மெதுவாக வருவார்கள். பெயரட்டையை வலது தோளுக்குக் கீழே குத்திக்கொண்டால், கை குலுக்கும்போது எதிரே நிற்பவரின் பார்வை இயல்பாக அதன்மேல் விழும். கழுத்துப்பட்டையில் தொங்குவது என்றால் அட்டை வயிற்றுவரை இறங்காதபடி முடிச்சுப் போட்டுக் குறுக்குங்கள். பெயருக்குக் கீழே உங்கள் சமூக ஊடகப் பெயரைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். திரையில் மட்டுமே அறிந்திருந்தவர் நேரில் இனங்காண அதுவே வழி. லிங்க்ட்இன் செயலியில் உங்கள் பக்கத்துக்கான கியூஆர் குறியீடு உண்டு. அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொண்டால், இணைப்பு வராத அரங்கிலும் காட்டலாம்.

பெயரட்டையைப் படமெடுத்துப் பதிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில் அச்சிட்டுள்ள குறியீட்டில் உங்கள் தொடர்பு விவரங்கள் அடங்கியிருக்கக்கூடும். விரலால் மறைத்தபின் படமெடுங்கள். விமானப் பயணச்சீட்டின் பட்டைக்குறியீட்டில் முன்பதிவு எண் அடங்கியிருப்பதால் அதைப் பொதுவில் இடவே கூடாது.

காபி இடைவேளையும் மதிய உணவுக்கூடமும்

ஹாரிசன் ஓவன் என்ற அமைப்பாளர் 1980-களின் தொடக்கத்தில் பெரும் உழைப்பில் ஒரு மாநாட்டை நடத்தி முடித்தபோது, பங்கேற்றவர்களுக்கு அதில் மிகவும் பயன்பட்டது காபி இடைவேளைதான் என்பதை அறிந்து, முழுக் கூட்டத்தையும் இடைவேளையின் இயல்பிலேயே நடத்தும் 'திறந்தவெளி' முறையை 1985-இல் தொடங்கினார். ஆகவே இடைவேளையில் அடுத்த அமர்வின் அறைக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்பவர், கட்டணம் கட்டியதில் ஒரு பெரும்பகுதியை இழக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

நின்று பேசும் குழுக்களில் எதில் சேர்வது என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. வட்டம் முழுதாக மூடி, தோள்கள் ஒட்டி, குரல் தாழ்ந்திருந்தால் அது தனிப்பேச்சு; விட்டுவிடுங்கள். வட்டத்தில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி இருந்தால் அங்கே போய் நில்லுங்கள். எரிக் ஹோல்ஷர் என்பவர் 2017-இல் இதற்குப் 'பேக்மேன் விதி' என்று பெயர் வைத்தார்: குழுவாக நிற்பவர்கள், அந்தக் கணினி விளையாட்டின் வட்ட உருவம் வாயைத் திறந்திருப்பதுபோல, இன்னொருவர் நுழைய எப்போதும் இடம் விட்டு நிற்க வேண்டும், அவர் வந்து சேர்ந்தபின் மீண்டும் ஓர் இடம் விட வேண்டும். பல தொழில்நுட்ப மாநாடுகள் இதைத் தொடக்கத்திலேயே அறிவிக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே ஒரு குழுவில் நின்றுகொண்டிருந்தால், அந்த இடைவெளியை விட்டு நிற்கும் கடமை உங்களுக்கும் உண்டு.

மதிய உணவுக்கூடத்தில் பெரிய வட்ட மேசைகள் இருக்கும்போது, முற்றிலும் காலியான மேசையில் முதல் ஆளாக அமராதீர்கள். யார் வருவார்கள் என்பது அப்போது உங்கள் கையில் இல்லை. ஒரே ஒரு நாற்காலி மிச்சமிருக்கும் மேசையும் வேண்டாம். அது பெரும்பாலும் ஓர் அலுவலகத்தின் மேசை. பாதி நிரம்பியதும், அமர்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நாற்காலி விட்டு உட்கார்ந்திருப்பதுமான மேசையைத் தேடுங்கள். அப்படி இடம் விட்டு அமர்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். உங்கள் நிலையில்தான் அவர்களும் இருக்கிறார்கள். "இங்கே யாராவது வருகிறார்களா? அமரலாமா?" என்று கேட்டுவிட்டு அமர்ந்ததும் கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். மேசைமேல் கவிழ்த்து வைத்தாலும் கண் அதைத் தேடும்.

பேச்சை "எங்கே வேலை செய்கிறீர்கள்" என்று தொடங்கினால் அது நேர்காணலாகிவிடும். வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கும் அண்மையில் வேலை இழந்தவருக்கும் அந்தக் கேள்வி வலிக்கும். "காலையில் எந்த அமர்வுக்குப் போனீர்கள்? அதில் ஏற்க முடியாதது எதுவும் இருந்ததா?" என்று கேட்டால் எவரும் ஏதேனும் சொல்லலாம். சில நிமிடங்களுக்குப் பின், உங்கள் மேசையில் வாய் திறக்காமல் இருப்பவர் பக்கம் அதே கேள்வியைத் திருப்புங்கள்.

பேசி முடித்து எழுந்தபின் "நான் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லையோ" என்ற உறுத்தல் வருவது இயல்பு. எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. முதன்முறை சந்தித்துப் பேசியவர்கள், எதிரே இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். உண்மையில் அவருக்கு அதைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தது. ஆகவே அந்த உறுத்தலை நம்பி அடுத்த வேளை உணவைத் தவிர்த்துவிடாதீர்கள்.

எதைப் பதிவிடலாம், எதைக் கூடாது

இதில் புதியவர்கள் செய்யும் பிழைகள் மற்றவர்களைப் பாதிப்பவை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லா மாநாடுகளும் பதிவிடுவதற்குத் திறந்தவை அல்ல. அறிவியலாளர்களுக்காக 1931-இல் தொடங்கிய கோர்டன் ஆய்வு மாநாடுகளில் சொல்லப்படுபவை தனிப்பட்ட உரையாடலாகவே கருதப்படுகின்றன. படமெடுப்பதும், அனுமதியின்றி வெளியில் எடுத்துரைப்பதும் அங்கே தடை. அமெரிக்காவின் உயிரியல் ஆய்வு நிறுவனமான கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம், அறிவியலாளர் ஒருவர் தன் கூட்டத்திலிருந்தபடியே வலைப்பதிவு எழுதியதை அடுத்து, அவ்வாறு எழுதுவோர் பேச்சாளரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று 2009-இல் விதியைத் திருத்தியது. இன்னும் வெளியாகாத தரவைத் திரையில் காட்டும் ஓர் இளம் ஆய்வாளருக்கு, அந்த ஸ்லைடு நிமிடத்தில் உலகெங்கும் பரவுவது ஆண்டுக்கணக்கான உழைப்பைப் பறிகொடுப்பதாகக்கூட முடியலாம். ஆகவே முதல் நாளே மாநாட்டின் சமூக ஊடக விதிகளையும் நடத்தை விதிகளையும் படித்துவிடுங்கள். ஸ்லைடின் மூலையில் படமெடுக்க வேண்டாம் என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாநாடுகளில் படமெடுப்பதை விரும்பாதவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டை தருவார்கள். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதைப் பெயர்ப்பதிவு மேசையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டமேசைக் கூட்டங்களில் 'சாத்தம் ஹவுஸ் விதி' பொருந்தும் என்று அறிவிப்பதுண்டு. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் உருவான இவ்விதியின்படி, அங்கே கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம். ஆனால் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பவற்றை வெளியிடலாகாது. உணவு மேசைக்கு யாரும் இப்படி ஒரு விதியை அறிவிப்பதில்லை. அறிவிக்காவிட்டாலும் நான் எப்போதும் அதையே கடைப்பிடிக்கிறேன். அரங்க மேடையில் பேசியவர் உலகத்தை நோக்கிப் பேசினார். அவரே மாலையில் உங்கள் எதிரே அமர்ந்து தம் நிறுவனத்தின் தோல்வியைப் பற்றியோ மேலதிகாரியைப் பற்றியோ சொல்வது உங்களை நம்பி. பெயரை விட்டுவிட்டு எழுதினாலும், அந்த மேசையில் யார் இருந்தார்கள் என்பது பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும்போது மறைத்தது மறைந்ததாகாது.

மேசையைப் படமெடுப்பதாக இருந்தால் "படம் எடுத்துப் பதிவிடலாமா? வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிடுங்கள்" என்று உணவு வருமுன் கேளுங்கள். விடுப்பில் வந்திருப்பவர், போட்டி நிறுவனத்தாருடன் அமர்ந்திருப்பவர், தம்மைத் தொல்லை செய்யும் ஒருவரிடமிருந்து இருப்பிடத்தை மறைத்து வாழ்பவர் என்று வேண்டாம் என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். எதையும் விளக்கும்படி கேட்காதீர்கள். ஒருவர் மறுத்தால் உணவுத் தட்டுகளை மட்டும் படமெடுத்தால் ஆயிற்று.

அமர்வுகளைப் பற்றி எழுதும்போது ஓர் அமர்வுக்கு இரண்டு பதிவுகள் போதும். வாக்கியத்துக்கு வாக்கியம் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர் பேச்சாளரின் வாதத்தைத் தொடர முடியாது. பேச்சாளரின் பெயரையும் அவருடைய கணக்கையும் குறிப்பிடுங்கள். அவர் சொன்னது எது, உங்கள் கருத்து எது என்று படிப்பவருக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். படத்தோடு, அதில் இருப்பதைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரையும் எழுதுங்கள்; எழுத்தை ஒலியாக வாசிக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் சக தொழிலாளருக்கு அதுவே படம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, பதிவின் கடைசியில் "இடைவேளையில் நடுக்கூடத்தில் இருப்பேன், இதைப் பற்றிப் பேச விரும்புவோர் வரலாம்" என்ற ஒரு வரி. உங்கள் பதிவைப் படித்துக்கொண்டிருப்பவர் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்.

ஒரு வேளை உங்களுக்காக

மூன்று வேளையும் புதியவர்களுடன் உண்டால் இரண்டாம் நாள் மாலைக்குள் சோர்ந்துவிடுவீர்கள். நாளுக்கு ஒரு வேளையைத் தனியாக உண்பது என்று முன்பே ஒதுக்கி வையுங்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பார்கள் என்ற அச்சத்தால் சிலர் அறைக்குள்ளேயே எதையாவது தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் அச்சிட்ட சட்டையை அணிந்து ஓர் அறைக்குள் சென்ற மாணவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று எண்ணினார்கள், கவனித்தவர்கள் கால்பங்கினர்தான். ரெபேக்கா ராட்னர், ரெபேக்கா ஹாமில்டன் ஆகியோரின் 2015 ஆய்விலும், கலைக்கூடத்தைத் தனியாகச் சுற்றிப் பார்த்தவர்கள், துணையோடு பார்த்தவர்கள் அளவுக்கே மகிழ்ந்திருந்தார்கள். அப்படி இருக்காது என்று முன்கூட்டியே எண்ணியதுதான் தவறாகிப்போனது.

உணவகத்தில் கூட்டம் சேரும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே சென்றால் தனியாக வந்தவருக்கும் நல்ல இடம் கிடைக்கும். கதவருகிலும் கழிவறைப் பக்கத்திலும் அமர்த்தினால் வேறு இடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. சமைப்பதைப் பார்த்தபடி உண்ணும் நீள மேடை இருந்தால் தனியாக வந்தவருக்கு அதுவே மிக இயல்பான இடம். பெயரட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரும் பணியிடமும் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உணவகத்தைப் பற்றிய பதிவை அங்கிருந்து கிளம்பி அறைக்குத் திரும்பிய பின்னரே இடுங்கள்.

மாலைச் சந்திப்புகளில் மது பரிமாறப்படும் இடங்களில், வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அருந்துவது பழச்சாறாக இருந்தாலும் குவளையைக் கண்பார்வையை விட்டு அகலவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு உணவகத்தின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் தெரிவியுங்கள். மேசையில் யாரேனும் சங்கடம் தரும்படி நடந்துகொண்டால், மரியாதைக்காக உணவு முடியும் வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பங்கைச் செலுத்திவிட்டு எழுந்துவிடுங்கள். நடத்தை விதிகளின் பொறுப்பாளருடைய எண்ணை முதல் நாளே கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தால் அப்போது தேட வேண்டியிராது.

திரும்பிய பின்

அன்றன்று இரவு படுக்கப்போகும் முன், சந்தித்த ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே ஒரே வரி எழுதிவையுங்கள்: எந்த மேசை, என்ன பேச்சு, எதை அனுப்புவதாகச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் எழுதலாம் என்று விட்டால் முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கு எழுதுங்கள், வெற்று இணைப்பு வேண்டுகோளை அனுப்பாமல், "முதல் நாள் மாலை ஜன்னலோர மேசையில் உங்களுடன் பேசியவன், நீங்கள் கேட்ட கட்டுரை இதோ" என்று நினைவூட்டி எழுதுங்கள். உங்கள் மேசைக்கு வந்த மூவரையும் ஒரே குழுச்செய்தியில் சேர்த்து நன்றி சொல்லுங்கள். ரசீதுகளை ஒப்படைத்து முடித்ததும், அடுத்த ஆண்டு மாநாட்டின் தேதியையும், அதற்கு மூன்று வாரம் முந்தைய நாளையும் நாள்காட்டியில் குறித்து, அந்த நாளுக்கு எதிரே இந்த மூவரின் பெயர்களையும் எழுதிவையுங்கள்.